எஞ்சின் நெருப்பில் வெந்த அரசாணி அடை

போன வாரம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. இலையெல்லாம் நிறம் மாறி உதிர்கிற ஒரு பருவம் நிஜமாகவே வருகிற தேசத்தில் இருக்கிறாள். கடிதத்தோடு ஒரு பத்திரிகைப் படத்தையும் வெட்டி வைத்திருந்தாள். தட்டில் அடுக்கடுக்காகத் தடித்த தோசை, பக்கத்தில் ஒரு பரங்கிக்காய். காயை வேகவைத்து மசித்து, பட்டை, கிராம்பு, சுக்கு பொடித்துப் போட்டு, மாவில் கலந்து கல்லில் ஊற்றுகிறார்களாம். 'இந்த மாதம் இங்கே எல்லார் வீட்டிலும் காலையில் இதுதான் அப்பா. அம்மாவை ஒரு நாள் செய்யச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

என் மனைவி எதையும் எழுதியபடி செய்கிறவள் அல்ல. பாதி மகள் சொன்னபடியும் பாதி தன் இஷ்டப்படியும் செய்தாள். கல்லின் ஓரத்தில் வழிந்த பரங்கிச் சாறு காய்ந்து கருகத் தொடங்கியதும் ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள், வெல்லம் கருகுவதற்கும் சோளக்கதிர் சுடுவதற்கும் நடுவில் இருக்கிற வாசனை. கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். அதில் ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. நிலக்கரிப் புகை.

தோசைக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்திலிருந்து ஈரோடு போகிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். 'ஸ்டேஷன்' என்று நான் சொல்வதைக் கேட்டுப் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், தகரக் கூரை போட்ட ஒரு சரக்குக் கொட்டகை, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் கம்பம், ஐந்தாறு சின்னக் குடியிருப்புகள். மேற்கே பார்த்தால் சங்ககிரி மலை. ஊர் ஒரு மைல் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம். வண்டிகள் பெரும்பாலும் எங்களைப் பார்த்து ஊதிவிட்டுப் போய்விடும்.

பெரிய மாஸ்டர் ஒருவர் இருந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர். ரூல் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார் என்று நாங்கள் கேலி செய்வோம். பாயின்ட்ஸ்மேன் பழனி, தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. பேசவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி நல்லம்மாள் பேசுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நல்லம்மா' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைச் 'சின்ன மாஸ்டரே' என்பார். அவர்கள் ஊர்ச் சேரியிலிருந்து வந்த கூலிக் குடும்பம். அவ்வளவு வயது வித்தியாசம் இருந்தும் நான் அப்படிக் கூப்பிடுவது அந்தக் காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

நான் ஆத்தூர்ப் பக்கம். நாங்கள் பரங்கிக்காய் என்பதை இவர்கள் அரசாணிக்காய் என்றார்கள். வேலைக்கு வந்த புதிதில் நல்லம்மாள், "அரசாணி ஒண்ணு வேணுமுங்களா?" என்று கேட்டபோது நான் ஏதோ அரசாங்கக் காகிதம் என்று நினைத்து, "பெரிய மாஸ்டர்கிட்டக் குடு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சொன்னபடியே ஒரு முழுக் காயைக் கொண்டுபோய்ப் பெரிய மாஸ்டர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்.

அவருடைய கொடி குடியிருப்புக் கூரையில் ஏறி, வேலிக் கம்பியில் இறங்கி, சரக்குக் கொட்டகையின் பின்சுவரையும் பிடித்திருந்தது. ஐப்பசி வந்ததும் காய்கள் செம்மண் நிறத்தில் முற்றிக் கிடக்கும். அரிசி ரேஷனில் அளந்து கிடைத்த நாட்கள். கம்பு மாவில் அரசாணியைத் துருவிப் போட்டு, வரமிளகாய், மல்லி விதை, சீரகம், சோம்பு, பூண்டு எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்துக் கலந்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு அடை தட்டுவார். மழைக் காலையில் அதில் இரண்டு சாப்பிட்டால் மத்தியானம் வரை எஞ்சின் ஓடும். நான் சுயமாகச் செய்து பார்த்ததும் உண்டு. கல்லிலிருந்து எடுக்க உளி தேவைப்பட்டது.

அந்த வருஷம் மட்டும் அவர் யாருக்கும் காய் தரவில்லை. தம்பிக்குக் கார்த்திகையில் கல்யாணம். விருந்துக் குழம்புக்கு என்று இருபத்தைந்து காய்களைக் கொட்டகையின் மூலையில் வைக்கோல் போட்டு அடுக்கியிருந்தார். பெரிய மாஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அப்போதுதான் அந்த மழை வந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் விடியும் நேரத்தில் சேலத்திலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி எங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. அதற்குச் சற்று முன்புதான் தண்டவாளத்தைப் பராமரிக்கிற லைன் கூலிகள் நனைந்தபடி ஓடிவந்து, முன்னால் இருக்கிற ஓடைப் பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது என்று சொன்னார்கள். சிக்னலைப் போட்டு வண்டியை நிறுத்தினோம். திரும்ப அனுப்பலாம் என்று பின்பக்க ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்தால், அந்தப் பக்கம் தண்டவாளத்துக் கரை சரிந்துவிட்டது என்று பதில் வந்தது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. ஓடை ஊரையும் எங்களையும் பிரித்துவிட்டது.

வண்டியில் இருநூறு பேருக்குக் குறையாது. முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஒரு குழந்தை அழுதால் அது வீட்டுச் சமாச்சாரம். முப்பது குழந்தைகள் சேர்ந்து அழுதால், உதவி ஸ்டேஷன் மாஸ்டர் ஒளிந்துகொள்ள இடம் தேடுவான். ஒரு தாய் ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்து, "நேத்து மத்தியானம் சாப்பிட்டதுங்க சாமி. ஏதாச்சும் கெடைக்குமுங்களா?" என்று கேட்டாள். எங்கள் ஸ்டேஷனில் டீக்கடைகூடக் கிடையாது.

பெரிய மாஸ்டரிடம் போனேன்.

"நமக்கு அதிகாரம் இல்லையே" என்றார். குரலில் கடுமை இல்லை, பயம்தான் இருந்தது. "பிளாட்பாரத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. ரூல் இருக்கு."

அடுப்பு மூட்டினாலும் எரியாது என்று எனக்குத் தெரியும். விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஆனாலும் என் கால் நல்லம்மாள் வீட்டுக்குத்தான் போயிற்று. வாசலில் நின்றேனே தவிர கேட்க வாய் வரவில்லை. கல்யாணத்துக்கு வைத்திருக்கிற காயை எப்படிக் கேட்பது?

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிளாட்பாரத்தைப் பார்த்தார்.

"காயிக்குத்தான வந்தீங்க?"

"ஆமா."

"கொழந்தைக அழுவற சத்தம் எனக்கும் காதுல கேக்குதுங்க. ஊட்டுல அஞ்சாறு படி கம்பு மாவு இருக்குது. மத்த ஊடுகள்ல நான் வாங்கிக்கறேன். நெருப்புக்கு மட்டும் நீங்க வழி பண்ணுங்க. இந்த வெறகுல பொகதான் வரும்."

நெருப்புக்கு வழி. நான் மழையில் நின்று யோசித்தேன். கண்ணெதிரே, பத்து கஜத்தில், ஒரு முழு எஞ்சின் உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு புசுபுசு என்று மூச்சு விட்டபடி நின்றிருந்தது. இவ்வளவு பெரிய அடுப்பைப் பார்த்துக்கொண்டே அடுப்பு தேடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டிரைவர் அந்தோணி சேலம் டவுன்காரர், பெரிய மீசை, கழுத்தில் சிலுவைக் கயிறு. விஷயத்தைச் சொன்னதும், கரி அள்ளுகிற இரும்பு ஷவலைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னன்னு நெனச்சீங்க சார்? பாதி நாளு எனக்கு இதுதான் தோசைக்கல்லு. கொதிக்கிற தண்ணியில கழுவி இதுலதான் முட்டை பொரிப்பேன். அந்த அம்மாவ வரச் சொல்லுங்க."

எஞ்சினிலிருந்து தணலை வாரிச் சரக்குக் கொட்டகையில் கல் அடுக்கிய இடத்தில் கொட்டினார்கள். எஞ்சினில் இருந்த ஷவல் இரண்டு. லைன் கூலிகள் மண் சுமக்கிற இரும்புச் சட்டிகள் நான்கைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துப் போட்டார்கள். ஆறு கல் ஆயிற்று. பெரிய மாஸ்டர் வந்து பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "சார், இது அடுப்பு மூட்டினது இல்லே. ஏற்கெனவே எரிஞ்ச நெருப்பு. இடம்தான் மாறியிருக்கு" என்றேன். அவர் சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "கொட்டகை பிளாட்பாரத்தில் சேர்த்தி இல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்குப் பாத்திரம். தன் வீட்டு அரிசி மாவு முழுவதும் அதில் இருந்தது.

பழனி அரிவாளால் காய்களை ஒவ்வொன்றாகப் பிளந்தான். உள்ளே அந்த மஞ்சள்! மூன்று நாளாக வெயிலைப் பார்க்காத கண்ணுக்கு அதுவே வெயில் மாதிரி இருந்தது. வண்டியிலிருந்து பெண்கள் இறங்கி வந்து துருவினார்கள். ஈரோட்டுச் சந்தைக்குப் போகிற ஒருவர் தன் வெங்காயக் கூடையை அப்படியே கொண்டுவந்து வைத்தார். எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு இரும்பில் தேய்த்தார் நல்லம்மாள். முதல் அடை கரிவாசனை அடித்தது. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. மூன்றாவது அடையை அவர் ஒரே தட்டில் புரட்டிப் போட்டார். ஓரம் கருகி அந்த வாசனை எழுந்ததும் வண்டி முழுவதும் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

கூரை நல்லம்மாளுக்கு நேர் மேலே ஒழுகிற்று. பெரிய மாஸ்டர் தொப்பி போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் குடையை நல்லம்மாள் தலைக்கும் தணலுக்கும் சேர்த்துப் பிடித்தபடி நின்றார். நான் ஆச்சரியமாகப் பார்த்ததும், "கரி ரயில்வே சொத்து. நனையக் கூடாது" என்றார்.

முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். வாழை இலைத் துண்டில் ஆளுக்கு ஒன்று. பிறகு வரிசை நின்றது. வரிசையில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர் மனைவியோடு நின்றார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறார்களாம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இலையைக் கையில் வாங்கின பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, இது ஆரு கைப்பக்குவம்?"

கேள்வி எனக்கு விளங்கியது. பின்னால் நின்றவர்களுக்கும் விளங்கியது.

நான் சொன்னேன்: "ஸ்டேஷன்ல இருக்கறவங்க எல்லாருமாச் சேர்ந்து பண்ணினது."

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. சொல்லும்போதே நான் நல்லம்மாள் பக்கம் பார்க்கவில்லை. வரிசை கலைந்துவிட்டால் அவ்வளவு மாவும் வீணாகிவிடுமே என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன்.

நல்லம்மாள் தோசைத் திருப்பியை இரும்பின்மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். நெற்றியில் கரி, கையில் மாவு.

"நாந்தானுங்க சுட்டேன். பாயின்ட்ஸ்மேன் பழனி ஊட்டுக்காரி. நாங்க இன்ன ஆளுங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். வேணுங்கறவங்க வாங்கிக்கங்க. வேண்டாதவங்க கொஞ்சம் அக்கட்டால நவுந்தீங்கன்னா, பின்னால நிக்கறவங்களுக்கு ஆறாமக் கெடைக்கும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அடுத்த அடையைப் புரட்டினார். கருகவிடவில்லை.

அந்த விவசாயி இலையை என் கையில் திருப்பி வைத்துவிட்டு வண்டிக்குப் போனார். அவர் பின்னால் பதினைந்து இருபது பேர் போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை. யாரும் வீரமாக எதுவும் சொல்லவும் இல்லை. பின்னால் நின்ற ஒரு கிழவர், "போறவங்க சீக்கிரம் போங்கப்பா, மழை பெய்யுது" என்றார். வரிசை இடைவெளியை மூடிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. திருப்பிக் கொடுத்த இலையை அந்தோணி என் கையிலிருந்து பிடுங்கி, இரண்டே வாயில் முடித்தார்.

அரைமணி கழித்து, கொட்டகையின் பின்பக்கமாக ஓர் அம்மாள் வந்தார். அந்த விவசாயியின் மனைவி. நேராக நல்லம்மாள் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணு குடு ஆத்தா. நேத்திருந்து ஒண்ணுந் திங்கலை."

நல்லம்மாள் சூடாக இரண்டு வைத்தார். அந்த அம்மாள் அவசரப்படாமல், ஊதி ஊதி, முழுவதும் சாப்பிட்டார். சோம்பு எவ்வளவு போட்டாய், மல்லியை வறுத்தாயா பச்சையாகவா என்றெல்லாம் விசாரித்தார். இவ்வளவு காய் எதற்கு வைத்திருந்தாய் என்று கேட்டு, தம்பி கல்யாண விஷயத்தையும் தெரிந்துகொண்டார். எழுந்து கை கழுவும்போது, நான் என் புத்தியைக் காட்டினேன்.

"அய்யாவுக்கு ரெண்டு கொண்டுபோறீங்களா? யார் செஞ்சதுன்னு சொல்ல வேண்டாம்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குங்க? அவரு வேண்டாம்னுதான சொன்னாரு. பசிக்குதுன்னா அவரே வந்து கேக்கட்டும்."

அவர் வரவில்லை. பிற்பகலில் வெள்ளம் வடிந்து, கூலிகள் பாலத்தைச் சோதித்து, வண்டி நடை வேகத்தில் கிளம்புகிறவரை அவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

வண்டி கிளம்பும்போது குழந்தைகள் ஜன்னல் வழியாகக் கையாட்டின. அந்தோணி எங்களைப் பார்த்து நீளமாக ஊதினார். கொட்டகையில் ஒரே ஒரு காய்தான் மிச்சம். பெரிய மாஸ்டர் சாப்பிட்டாரா என்று கேட்பீர்கள். வண்டி போன பிறகு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, நின்றபடியே ஒன்று சாப்பிட்டார். இத்தனை வருஷம் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. இனிமேல் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது.

அன்று பொழுது சாய்கிற வேளையில் நல்லம்மாளிடம் போனேன். அவர் மிச்சமிருந்த வைக்கோலை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில நான் அப்படி மழுப்பியிருக்கக் கூடாது."

"உடுங்க சின்ன மாஸ்டரே. நீங்க பயந்துட்டீங்க. பயந்தவங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க."

திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இது போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தேன். யாராவது இந்த மாதிரி ஒரு கேள்வி கேட்டால், மழுப்பாமல் நேராகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். அன்றிலிருந்து அவரை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "என்னுங்க, புதுசா இருக்குது?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், ஸ்டேஷன் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய அரசாணிக்காய். வண்டிக்காரர் இறங்கி, "பழனி ஊடு எதுங்க?" என்று விசாரித்தார். யார் அனுப்பியது என்று கேட்டோம்.

"திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாரேனுங்க. எங்க ஆத்தா குடுத்துட்டு வரச் சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அய்யனுக்குத் தெரியாதுங்க" என்றார்.

நல்லம்மாள் ஒரு காயைத் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தார். நன்றாக முற்றியிருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே எனக்கும் தெரிந்தது. "ஆத்தாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். அன்றைக்குப் பழனிகூட இரண்டு மூன்று வார்த்தை பேசினான். கல்யாணம் நடந்தது. நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பெரிய மாஸ்டர் வரவில்லை. ஒரு ஜோடி வேட்டி கொடுத்தனுப்பினார்.

மேலிடத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. எஞ்சின் கரியைக் கொட்டகையில் கொட்டியது எதற்கு என்று விளக்கம் கேட்டார்கள். பெரிய மாஸ்டர் மூன்று நாள் உட்கார்ந்து பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. மறு கடிதம் வரவில்லை. நன்றாகத்தான் எழுதியிருப்பார்.

சண்டை முடிந்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. பழனி குடும்பம் அதற்கு முன்பே வேறு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. கிளம்புகிற அன்று நல்லம்மாள் கொடியின் விதைகளைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர்களைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. இரண்டு தடவை விசாரித்தேன். இன்னும் நாலு தடவை விசாரித்திருக்கலாம்.

இப்போது அந்தப் பாதையில் கரி எஞ்சின் கிடையாது. தண்ணீர்க் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சரக்குக் கொட்டகை போய்விட்டது, குடியிருப்புகள் போய்விட்டன. வண்டிகள் நிற்காத இடத்துக்கு ஸ்டேஷன் எதற்கு என்று கடைசியில் அதையும் மூடிவிட்டார்களாம். இரண்டு வருஷம் முன்பு ஈரோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தேன். சங்ககிரி மலை தெரிந்ததும் பக்கத்தில் இருந்த இளைஞரிடம், "இங்கே ஒரு ஸ்டேஷன் இருந்தது" என்று கையைக் காட்டினேன்.

அவர் மரியாதையாக எட்டிப் பார்த்து, "எங்கேங்க?" என்றார்.

அதற்குள் வண்டி தாண்டிவிட்டது.